அப்பாவோட ரெண்டாவது பக்கெட்

போன டிசம்பர்ல ஒரு நாள். காலைல அஞ்சேகால் மணி.

"ஏம்மா, தண்ணி பச்சத்தண்ணியால்லா வருது!"

பாத்ரூம் உள்ளேருந்து அப்பா. 74 வயசு. அம்பாசமுத்திரத்துக்காரர். வாழ்நாள் பூரா தாமிரபரணில முங்கினவர், வெந்நீரே கேக்காத ஆளு. ஆனா டிசம்பர் விடிகாலைல புனேல மாடித் தொட்டித் தண்ணி மேல பட்டா யாரா இருந்தாலும் சத்தம் வரத்தான் செய்யும்.

முதல் பக்கெட் சூடா வந்துருக்கு. சோப்பு போட்டாச்சு. ரெண்டாவது பக்கெட் பச்சை.

ஓடிப்போய் டிரை பால்கனில (நம்ம ஊர்ல சர்வீஸ் ஏரியான்னு சொல்ற இடத்துக்கு இந்த ஊர்ல அதான் பேரு) சுவத்துல இருக்கற தெர்மோஸ்டாட் டப்பாவைப் பார்த்தேன். சிவப்பு எழுத்துல 53. குழாய்ல கையை வச்சா ஐஸ். டப்பா மட்டும் மெதுவா 52... கொஞ்ச நேரம் கழிச்சு 51...

அடுப்புல அண்டாவை வச்சு அப்பாவுக்கு வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரு ஒண்ணுமே சொல்லல. "பரவால்லம்மா"ன்னுட்டாரு. எனக்குத்தான் ஆறவே இல்ல. பெத்தவங்க வருஷத்துக்கு ஒருதரம் வர்றாங்க, அவங்களுக்கு ரெண்டு பக்கெட் வெந்நீர் ஒழுங்கா வரலைன்னா வீட்டுல மெஷின் எதுக்கு?

அன்னிக்கு ஆரம்பிச்சு மூணு வாரம் இதே வேலையா இருந்தேன். அதைத்தான் எழுதறேன். ஹீட் பம்ப் வச்சிருக்கறவங்க, வைக்கப் போறவங்க யாருக்காவது உதவும்.

முதல்ல, ஹீட் பம்ப்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு.

ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்டதுதான். ஃப்ரிட்ஜ் உள்ள இருக்கற சூட்டை எடுத்துப் பின்பக்கம் வெளிய தள்ளுது இல்லையா? இது வெளிக்காத்துல இருக்கற சூட்டை எடுத்துத் தண்ணிக்குள்ள தள்ளுது. கரண்ட்டை எரிச்சு சூடு உண்டாக்கறதில்ல, இருக்கற சூட்டை இடம் மாத்துது. அதனால ஒரு யூனிட் கரண்ட்டுக்கு ஏறக்குறைய மூணு யூனிட் சூடு கிடைக்குது.

கணக்கு வேணும்னா: எங்க டாங்க் 200 லிட்டர். 20 டிகிரி தண்ணியை 55-க்குக் கொண்டுபோக 8 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல சூடு வேணும். சாதா கீசர்னா அந்த 8 யூனிட்டும் மீட்டர்ல ஏறும். இதுல மூணுல ஒரு பங்கு.

நாங்க பாவ்தன் பக்கம் ரோ ஹவுஸ்ல இருக்கோம். முன்னாடி மொட்டை மாடில சோலார் ஹீட்டர் இருந்துச்சு. புனேல அது சாதாரணம், எந்த மாடியைப் பார்த்தாலும் நாலு நிக்கும். ஆனா ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் வானம் மூடியே கிடக்கும். அதோட எங்க ஏரியா டாங்கர் தண்ணியோட உப்பு அதைத் தின்னு தீர்த்துடுச்சு. அப்புறம்தான் ஹீட் பம்ப்.

அஞ்சு வருஷம் நல்லா ஓடுச்சு. போன மழைக்காலத்துல கன்ட்ரோல் போர்டு போயிடுச்சு. திறந்து பார்த்தா உள்ள எறும்புக் குடித்தனம். ரிலே நடுவுல நசுங்கி ஒரு கூட்டம்.

கம்பெனி சர்வீஸ்ல கேட்டேன். வாரண்டி முடிஞ்சுது, போர்டு வர ஆறு வாரம், விலை தலையைச் சுத்துற விலை. எங்களோடது பழைய மாடல், இன்வெர்ட்டர் கிடையாது. காம்ப்ரஸர் ஓடணும், நிக்கணும், அவ்வளவுதான் போர்டோட வேலை. அதை ஒரு தனி தெர்மோஸ்டாட் செய்யும்.

(உங்களோடது இன்வெர்ட்டர் மாடல்னா தயவுசெஞ்சு இதைச் செய்யாதீங்க. அதுல போர்டுதான் மூளை. காத்துக்கிருந்து ஒரிஜினலையே போடுங்க.)

சரி, தெர்மோஸ்டாட் வாங்கலாம்னு நெட்ல தேடினா வர்றதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம். அங்க ஹீட் பம்ப்னா வீட்டையே சூடு பண்றது. தெர்மோஸ்டாட் ஹால் சுவத்துல இருக்கும், ரூம் காத்தை அளக்கும். சுவத்துல இருக்குமே அந்த வட்ட டயல், ஹனிவெல் ரவுண்ட், 1953-ல வந்தது. (அதே ஹனிவெல்லோட இந்தியக் கம்பெனி ஒண்ணோட தலைமையகம் இங்க ஹடப்சர்லதான் இருக்கு. அந்த வழியா போறப்பல்லாம் எனக்கு அந்த வட்ட டயல் ஞாபகம் வரும்.) நியூஜெர்சில இருக்கற என் ஃப்ரெண்ட் ஒரு மணி நேரம் போன்ல விளக்கினா. ரிவர்சிங் வால்வுக்கு ஒரு ஒயர், துணை ஹீட்டருக்கு ஒரு ஒயர்... கேக்க சுவாரசியமா இருந்துச்சு, ஆனா நமக்கு அதுல எதுவும் ஆகாது. நம்ம ஊர்ல சூடு வேண்டியது தண்ணிக்கு. அளக்க வேண்டியதும் தண்ணியைத்தான்.

அப்ப போனதுதான் தப்கீர் கல்லி.

புனே வராதவங்களுக்கு: புத்வார் பேட்ல ஒரு சந்து. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டை நினைச்சுக்கோங்க. ஒயர், சுவிட்ச், ரிலே, மோட்டார், இல்லாத பொருள் இல்ல. ஆனா மதியம் பல கடைகள் சாத்தியிருக்கும். மதியத் தூக்கம் இந்த ஊர்ல ஒரு மரியாதையான விஷயம், கதவுல பாட்டி தொங்கும். (மராத்தில பாட்டின்னா அறிவிப்புப் பலகை. "புனேரி பாட்டி" ரொம்பப் பிரபலம்னு முதல் தரம் கேட்டப்ப எந்தப் பாட்டின்னு நான் நிஜமாவே தேடினேன்.)

அங்க 450 ரூபாய்க்கு ஒரு சின்னக் கறுப்பு டப்பா கிடைச்சுது. எல்லாக் கடையிலயும் இருக்கற சாமான்தான். ஒரு சென்சார் ஒயர், நாலு பட்டன், சிவப்பு எழுத்து. ஏரியால ஏசி வேலை பார்க்கறவர் ஒருத்தர் வந்து அரை மணில மாட்டிட்டுப் போனார்.

முதல் நாளே பிரச்சனை.

அந்த டப்பால ரெண்டு ரிலே. ஒண்ணு குளிரவைக்க, ஒண்ணு சூடாக்க. காம்ப்ரஸர்னு கேட்டதும் குளிர் ரிலேல இணைச்சுட்டார். காம்ப்ரஸர்னா ஃப்ரிட்ஜ், ஏசிதானேன்னு கை பழக்கத்துல போயிருக்கும். அதனால தண்ணி சூடானா காம்ப்ரஸர் ஓடுது, ஆறினா நிக்குது! அதை நானே கண்டுபிடிச்சு மாத்தச் சொன்னேன்.

அடுத்து, தண்ணி ஒரு டிகிரி இறங்கினா உடனே ஸ்டார்ட். ஏறினா ஸ்டாப். திரும்ப ஸ்டார்ட். கட்டில்ல படுத்துக்கிட்டே டக், டக்னு எண்ணலாம்.

இங்கதான் ஒரு விஷயம் கத்துக்கிட்டேன். தெர்மோஸ்டாட்ல ரெண்டு நம்பர் இருக்கு. எத்தனை டிகிரில நிக்கணும்ங்கறது ஒண்ணு. அதை எல்லாரும் பார்ப்பாங்க. எத்தனை டிகிரி இறங்கினா திரும்ப ஓடணும்ங்கறது இன்னொண்ணு. கடைக்காரங்க டிஃபரன்ஷியல்னு சொல்வாங்க. ஹீட் பம்ப்புக்கு அதுதான் உசுரு. கீசர் காயிலை நிமிஷத்துக்கு ஒருதரம் போட்டு அணைச்சாலும் அது பாட்டுக்கு இருக்கும். காம்ப்ரஸர் அப்படி இல்ல. நின்ன உடனே திரும்ப ஓடச் சொன்னா உள்ள அழுத்தம் இன்னும் சமமாகியிருக்காது, மோட்டார் முக்கி முக்கிக் கிளம்பும். அதனால வித்தியாசம் அஞ்சு டிகிரியாவது இருக்கணும். நின்னதுக்கு அப்புறம் குறைஞ்சது மூணு நிமிஷம் ஓடக் கூடாதுன்னு ஒரு தடையும் வேணும்.

கறுப்பு டப்பாலயும் அந்தத் தடை இருந்துச்சு. ஆனா குளிர் ரிலேக்கு மட்டும். சூடு ரிலேக்குக் கிடையாது. ஹீட்டர் காயில்தான் மாட்டுவாங்கன்னு நினைச்சுச் செஞ்சது.

வித்தியாசத்தை மட்டும் அஞ்சா வச்சுட்டு, ஓடுதேன்னு விட்டுட்டேன், அப்பப்ப நம்பரை ஏத்தறதோட சரி. அப்புறம் டிசம்பர். அப்பாவோட ரெண்டாவது பக்கெட்.

அன்னிக்கே எங்க லேன்ல பல வருஷமா எலெக்ட்ரிக் வேலை பார்க்கற தாதாவைக் கூப்பிட்டேன். (மராத்தில தாதான்னா அண்ணன். அவருக்கு நான் வஹினி, அண்ணி.) வந்தவர் டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கல. நேரா டாங்க்கிட்ட போய் மேல தொட்டார், கீழ வர்ற குழாயைத் தொட்டார். என்னைப் பார்த்து,

"வஹினி, ஆக்டா பகூ நகா. பாணி பகா."

நம்பரைப் பார்க்காதீங்க, தண்ணியைப் பாருங்க.

எங்க டாங்க்ல சென்சார் வைக்க ரெண்டு குழி இருக்கு. மேல ஒண்ணு, கீழேருந்து மூணுல ஒரு பங்கு உயரத்துல இன்னொண்ணு. நான் அதுவரைக்கும் பார்த்ததே மேல் குழியைத்தான். கீழ இருக்கறது ஒரு ரப்பர் மூடிக்குப் பின்னாடி மறைஞ்சிருந்துச்சு. சென்சாரை மேல சொருகியிருந்தாங்க.

சூடான தண்ணி மேல நிக்கும், பச்சத்தண்ணி அடில போய்த் தங்கும். நாம மேலேருந்து வெந்நீர் எடுக்க எடுக்க, அடில பச்சத்தண்ணி நிரம்பிக்கிட்டே வரும். ராத்திரி எல்லாரும் குளிச்சு, பாத்திரம் கழுவி, டாங்க்ல முக்கால்வாசி பச்சத்தண்ணி ஆயாச்சு. ஆனா சென்சார் உச்சில உக்காந்துக்கிட்டு "55, எல்லாம் சௌக்கியம்"னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. காம்ப்ரஸர் ஓடவே இல்ல. காலைல அம்மா குளிச்சாங்க, அப்பா ஒரு பக்கெட் பிடிச்சார், மேல இருந்த கால்வாசி தீர்ந்துச்சு.

சரி, பச்சத்தண்ணி உச்சிக்கே வந்தப்புறமும் டப்பா ஏன் 53 காட்டுச்சு?

தாதா சென்சாரை இழுத்தார். விரல் போற அகலக் குழில பென்சில் முனை மாதிரி ஒரு சென்சார், சும்மா காத்துல தொங்கிக்கிட்டு இருக்கு. எங்கயும் ஒட்டல. குழிச் சுவர்லேருந்து காத்து வழியா சூடு வந்து சேர நேரம் ஆகும், ஆறவும் நேரம் ஆகும். அது எப்பவும் பழைய சேதியைத்தான் சொல்லும்.

எனக்கு அப்படியே சிலிர்த்துடுச்சு. ரெண்டு மாசமா நான் பட்டனை அமுக்கி 55-ஐ 58 ஆக்கறதும், 60 ஆக்கறதுமா இருந்தேன். பிரச்சனை நம்பர்ல இல்லவே இல்ல. எங்க உக்காந்து அளக்குதுங்கறதுலதான்.

சென்சாரே சரியான்னு சந்தேகம் வந்துச்சு. நீங்களும் வீட்டுலயே பார்க்கலாம். ஒரு டம்ளர் நிறைய உடைச்ச ஐஸ் போட்டு, கொஞ்சம் தண்ணி விட்டு, கலக்கி, சென்சாரை வைங்க. 0 காட்டணும். 0.4 காட்டுச்சு. நல்ல பிள்ளை.

அப்புறம் கொதிக்கற தண்ணில வச்சேன். 98. எவ்வளவு நேரம் வச்சாலும் 98 தாண்டல. போச்சு, சென்சார் கோளாறுன்னு நினைச்சேன். பொண்ணு ஒம்பதாங்கிளாஸ். பக்கத்துல நின்னவ, "அம்மா, நாம மலை மேலல்ல இருக்கோம்"ங்கறா. ஆமால்ல! புனே கடல்மட்டத்துலேருந்து 560 மீட்டர் உயரம். காத்தழுத்தம் குறைவு, தண்ணி இங்க 98 டிகிரிலயே கொதிச்சுடும். சென்சார் சரியாத்தான் சொல்லியிருக்கு. பருப்பு வேக இங்க கொஞ்சம் கூட நேரம் ஆகறதும் இதாலதான்னு அம்மாவுக்கும் அன்னிக்கு விளங்குச்சு.

(இந்த ஊருக்கும் தெர்மாமீட்டருக்கும் பழைய உறவு உண்டு. இந்திய வானிலைத் துறையோட தலைமையகம் 1928-ல சிம்லாவுலேருந்து புனேக்குத்தான் வந்துச்சு. சிவாஜிநகர்ல அந்தக் கட்டடம் நிக்கற இடத்துக்கு இன்னிக்கும் சிம்லா ஆபீஸ் சௌக்னுதான் பேரு. 1944-ல தலைமையகம் டெல்லி போயிடுச்சு, பேரு மட்டும் போகல. இந்த ஊர்ல பதிவானதுலயே குறைஞ்ச குளிர் 1.7 டிகிரி, 1935 ஜனவரி 17. அன்னிக்கு விடிகாலைல குளிச்சவங்களை நினைச்சுப் பார்க்கறேன்.)

ரெண்டாவது தரம் தப்கீர் கல்லி போனப்ப என்ன வேணும்னு தெரிஞ்சு போனேன். தாதாவும் கூட வந்தார். சூடாக்கற முறைல ஓடணும், அதுலயும் காம்ப்ரஸர் தடை இருக்கணும். வித்தியாசத்தை நாமளே வைக்க முடியணும். சென்சார் எந்த வகைன்னு அட்டைல தெளிவா போட்டிருக்கணும், ஏன்னா சென்சார் ஒரு வகை, டப்பா ஒரு வகைன்னா நம்பர் கன்னாபின்னான்னு வரும். கரண்ட் போய் வந்தா வச்ச நம்பர் அப்படியே இருக்கணும். (மழைக்காலத்துல எங்க ஏரியால ஒரு நாளைக்கு நாலு தரம் போகும்.)

வைஃபை வச்சது ஒண்ணு காட்டினாங்க. போன்லேருந்தே மாத்தலாமாம். வேணாம்னுட்டேன். அப்பாவுக்குப் புரியணும் எனக்கு. பெரிய எழுத்து, மேலே ஒரு பட்டன், கீழே ஒரு பட்டன். நான் ஆபீஸ்ல இருக்கறப்ப அவரு யாரையும் கேக்காம வெந்நீர் வச்சுக்கணும்.

1,600 ரூபாய்க்குப் பேனல்ல மாட்டற மாதிரி ஒண்ணு கிடைச்சுது. கூடவே ஒரு கான்டாக்டர், ஒரு டைமர், தண்ணி புகாத பிளாஸ்டிக் பெட்டி, ஒரு சின்ன டியூப் தெர்மல் பேஸ்ட். கான்டாக்டரை மட்டும் மறக்காதீங்க. டப்பா மேல 10 ஆம்பியர்னு போட்டிருந்தாலும் அது ஹீட்டர் கணக்கு. காம்ப்ரஸர் கிளம்பற நொடில, ஓடும்போது இழுக்கறதைப்போலப் பல மடங்கு இழுக்கும், சின்ன ரிலேயோட முனை ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா நிக்கவே நிக்காது. அதனால டப்பா கான்டாக்டரைத் தட்டும், கான்டாக்டர் காம்ப்ரஸரை ஓட்டும்.

மாட்ட ஒரு முழு ஞாயித்துக்கிழமை. எம்சிபியை இறக்கி, டெஸ்டர் வச்சுப் பார்த்து, அப்புறம்தான் தாதா கை வச்சார். சென்சாருக்கு மேல பேஸ்ட்டைத் தடவி, மெல்லிசு செம்புத் தகட்டைச் சுத்திக் குழிச் சுவத்துல இறுக்கமா ஒட்டற மாதிரி கீழ் குழில சொருகினார். குழியோட வாயை அடைச்சார். சென்சார் ஒயரைக் கரண்ட் ஒயரோட சேர்த்துக் கட்டாம தனியா கொண்டுவந்தார். பெட்டிக்குள்ள போற ஒயர் கீழ ஒரு வளைவு தொங்கி அப்புறம் ஏறுது, மழைத்தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். ஒயர் நுழையற ஓட்டையெல்லாம் இறுக்கி அடைச்சாச்சு, எறும்புக்கும் பல்லிக்கும் இனி வழி இல்ல. டாங்க்ல ஏற்கெனவே இருந்த அதிகச் சூட்டுக் கட் அவுட்டை அவர் தொடவே இல்ல. "அதுல கை வைக்கவே கூடாது, நம்ம டப்பா தப்பு பண்ணினா காப்பாத்தறது அதுதான்"னார். இந்த மாதிரி வேலைக்காரரைப் பார்க்கறது எனக்குப் பெரிய சந்தோஷம். மத்தியானம் எங்க வீட்டுலதான் சாப்பாடு. அம்மா வச்ச சொதியை ரெண்டு தரம் கேட்டு வாங்கினார்.

எத்தனை டிகிரி வைக்கணும்?

நான் வச்சிருக்கறது 55. குளிருக்குப் போதும். தண்ணி எவ்வளவு சூடாகணுமோ அவ்வளவுக்கு ஹீட் பம்ப் கஷ்டப்படும், லாபம் குறையும். கோடைல 50. ஆனா அதுக்கும் கீழ வேணாம். வெதுவெதுப்பா ரொம்ப நாள் நிக்கற தண்ணில லெஜியோனெல்லான்னு ஒரு கிருமி வளரும், நுரையீரலைப் பிடிக்கும். வயசானவங்க இருக்கற வீடு. அதனால வாரத்துக்கு ஒரு நாள், ஞாயித்துக்கிழமை, 60-க்கு ஏத்தி நல்லா சுட வச்சுடுவேன். 60 டிகிரித் தண்ணி சில நொடில தோலைப் பொசுக்கிடும், அன்னிக்கு மட்டும் அப்பா பாத்ரூம்ல நானே கலந்து வச்சுடுவேன்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். டைமர்.

எல்லாரும் என்ன பண்ணுவோம்? காலைல வெந்நீர் வேணும்னா விடிகாலை நாலு மணிக்கு ஓட வைப்போம். கீசர் பழக்கம். ஆனா ஹீட் பம்ப் சூட்டைக் காத்துலேருந்துல்ல எடுக்குது! டிசம்பர்ல புனே விடிகாலை 10 டிகிரி. மத்தியானம் 28, 29. ஒரே நாள்ல இவ்வளவு வித்தியாசம் நம்ம சென்னைல கிடையாது. பத்து டிகிரிக் காத்துலேருந்து சூட்டைப் பிழிஞ்சு எடுக்கறதை விட 28-லேருந்து எடுக்கறது எவ்வளவு லேசு!

தனி மீட்டர் ஒண்ணு போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே அளவு தண்ணி. விடிகாலைல ஓட்டினா 3.1 யூனிட். மத்தியானம் ஒரு மணிக்கு ஓட்டினா 2.3.

டாங்க் சுத்தி நல்ல ஃபோம் இருக்கறதால மத்தியானம் சுட்ட தண்ணி மறுநாள் காலைல நாலஞ்சு டிகிரிதான் இறங்கியிருக்கு. அதனால இப்ப தினமும் பன்னெண்டு மணிலேருந்து நாலு மணிக்குள்ள ஓடி முடிச்சுடும். ராத்திரி தண்ணி அதிகமா செலவானா மட்டும் அப்பாவோ நானோ ஒரு பட்டனை அமுக்குவோம்.

இன்னொண்ணும் சொல்லணும். மெஷின் ஓடும்போது அதுலேருந்து குளிர்ந்த காத்து வரும். போன மே மாசம் தோசை மாவு புளிக்காம இருக்க அந்தக் காத்துலதான் பாத்திரத்தை வச்சேன். டிசம்பர்ல நேர் எதிர்ப் பிரச்சனை. மாவு பொங்கவே பொங்காது. புனேல இருக்கற தமிழ்க் குடும்பம் எதைக் கேட்டாலும் இந்தக் கதை இருக்கும். கம்பளி சுத்துவாங்க, ஓவனுக்குள்ள வைப்பாங்க, அரிசி டப்பாக்குள்ள புதைப்பாங்க.

கழட்டின கறுப்பு டப்பா சும்மாதான் கிடந்துச்சு. காம்ப்ரஸருக்கு அது ஆகல. ஆனா ஒரு பல்புக்கு?

பழைய மர அலமாரி ஒண்ணு. உள்ள ஒரு ஜீரோ வாட் பல்ப் (பேருதான் ஜீரோ, ஏறக்குறைய 15 வாட் இழுக்கும், அந்தச் சூடே போதும்), பாத்திரம் படாம இருக்கக் கம்பி வலை. தாதாவே வந்து ஒயரைப் போட்டுக் கொடுத்தார். சென்சாரை இந்தத் தரம் நான்தான் வச்சேன், மாவுப் பாத்திரத்து ஓரத்துல நல்லா ஒட்ட வச்சு டேப் போட்டேன். 30 டிகிரி. வித்தியாசம் ஒண்ணு.

மறுநாள் காலைல அஞ்சு மணிக்கு அம்மா அலமாரியைத் திறந்து சத்தம் போட்டுக் கூப்பிட்டாங்க. மாவு மூடியைத் தள்ளிக்கிட்டு வழிஞ்சு நிக்குது.

பாத்ரூம்ல ரெண்டாவது பக்கெட் நிரம்பற சத்தம். அப்புறம் மூணாவது.